பனிக்கட்டியை யாரும் சந்தேகப்படவில்லை

மார்ச் 4

காலையில் ஆய்வுக்கூடத்தின் சூடேற்றும் எண்ணெய்த் தொட்டியில் கலக்கி மோட்டார் மறுபடி முனகியது. தட்டிக்கொடுத்து ஓடவைத்தேன். வெப்பமானிகளைச் சரிபார்த்துச் சான்று கொடுக்கும் வேலைக்கு வந்தவள் பாதி நாள் மோட்டாருக்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறேன்.

மாலையில் மருத்துவமனை. அக்காவின் பிள்ளை அவசரக்காரன், மாதம் நிறையும் முன்பே வந்துவிட்டான். இன்னும் இன்குபேட்டரில்தான் இருக்கிறான். பெயர் வைக்கவில்லை, எல்லோருக்கும் குட்டி. அக்கா கண்ணாடிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினாள். வெப்பநிலை சரிபார்க்கப்பட்டது என்று எழுதி, கீழே எங்கள் ஆய்வுக்கூடத்தின் முத்திரையும் என் முதலெழுத்துகளும். மருத்துவமனையின் மூல வெப்பமானி ஒன்று எங்களிடம் வரும். அதை நான் சரிபார்த்து அனுப்புவேன். அதை வைத்து இங்கே எல்லாப் பெட்டிகளையும் அமைப்பார்கள்.

"இவனைத் தனியா விட்டுட்டுப் போகவே மனசு வராது. அப்புறம் இதைப் பாப்பேன். சித்தி கையெழுத்து காவலுக்கு நிக்குதே" என்றாள்.

வெட்கமாக இருந்தது. உள்ளுக்குள் இனித்தது என்பதையும் இங்கேயாவது எழுதிவிடலாம்.

மார்ச் 5

இந்த வேலை ஏன் பிடிக்கிறது என்று அத்தான் கேட்டார். சரியாகச் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில்தான் பதில் கிடைத்தது. பூஜ்ஜியத்துக்கு அரசன் கிடையாது. சுத்தமான நீரை உறையவைத்து நொறுக்கு, அதே நீரில் ஊறவிடு, வெப்பமானியை நடு. பூஜ்ஜியம் டிகிரி. எந்த நாட்டிலும், யார் கையிலும், யாரையும் அனுமதி கேட்காமல். நான் சொல்வதை நீ நம்பத் தேவையில்லை, நீயே செய்து பார் என்று சொல்ல முடிகிற இடங்கள் உலகத்தில் எத்தனை இருக்கின்றன?

மார்ச் 7

குட்டி அக்காவின் விரலைப் பிடித்தானாம். வேறு செய்தி இல்லை. வேறு செய்தி வேண்டவும் வேண்டாம்.

மார்ச் 9

இன்று ஒப்பீட்டுச் சுற்றின் முடிவைத் திறந்தார்கள்.

என்னவென்றால், ஒரே ஒரு வெப்பமானி பஞ்சு வைத்த பெட்டியில் ஏழு ஆய்வுக்கூடங்களுக்கும் பயணம் போகும். ஒவ்வொருவரும் அதை அளந்து, பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று தெரியாமலே எண்ணை அனுப்ப வேண்டும். ஒரே நாளில் எல்லாம் திறக்கப்படும். திறந்த பிறகு யாரும் தன் எண்ணை மாற்றக்கூடாது. அதுதான் விதி.

திரையில் வரைபடம் வந்தது. ஆறு புள்ளிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. ஏழாவது கீழே, தனியாக. நம்முடையது எது என்று நான் தேடவே இல்லை. எப்படியோ தெரிந்துவிட்டது.

நாங்கள் முப்பத்தேழு டிகிரி என்று சொல்லும் இடத்தில் மற்ற ஆறு பேரும் முப்பத்தேழு புள்ளி நான்கு என்கிறார்கள். எங்கள் தொழிலில் அது ஊசி நுழையும் இடைவெளி இல்லை, உலக்கை நுழையும்.

கூட இருந்தவர் மூத்த சக ஊழியர். பூட்டிய பூட்டை நாலு தரம் இழுத்துப் பார்ப்பவர் என்பதால் எங்கள் கூடத்தில் அவர் பெயரே சந்தேகம். "ஆறு பேர் ஒரே மாதிரி சொன்னா ஏழாவது ஆளு ஒண்ணு ஞானி, இல்ல கிறுக்கு. நம்ம லேப்ல ஞானிக்குப் போஸ்ட் இல்லம்மா" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

எங்கள் தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வழியில அந்தக் கருவி அடிபட்டிருக்கலாம். முதல் கூடத்துக்குத் திரும்பிப் போயிருக்கு. மறுபடி அளந்து சொல்வாங்க. அதுவரை யாரும் எதுவும் பேச வேண்டாம்."

அடிபட்டிருக்க வேண்டும். அடிபட்டிருக்கட்டும்.

மார்ச் 10

குட்டி மூச்சை நிறுத்திவிட்டான்.

அலாரம் அடித்தது. சிஸ்டர் வந்து உள்ளங்காலைச் சுண்டினார். ஒன்றும் இல்லை. மறுபடி சுண்டினார். மார்பு ஏறியது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், சுவர் விழுந்துவிடும் என்பதுபோல.

"மாசம் குறைஞ்ச குழந்தைங்க அப்பப்ப மறந்துடும்மா, மூச்சு விடறதை. ஆனா இவன் ரெண்டு வாரமா ஒழுங்காத்தான் இருந்தான்" என்றார் சிஸ்டர். "சூடு சரியா இருக்கு. தொற்று இல்ல. டாக்டருக்கும் புரியல."

சூடு சரியா இருக்கு.

அங்கேயே நின்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். நாங்கள் குறைத்துச் சொல்கிறோம் என்றால், எங்கள் சான்றை நம்பிய கருவியும் குறைத்துக் காட்டும். பெட்டிக்குள் அவர்கள் நினைப்பதைவிடச் சூடு அதிகம். இத்தனை சின்ன உடம்புக்குச் சூடு ஏறினால் மூச்சு தடுமாறும் என்று டாக்டரே ஒருநாள் அத்தானிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

அப்படியானால் குட்டியின் தோலில் ஒட்டிய உணரியாவது காட்டிக்கொடுக்காதா? கொடுக்காது. அதையும் அதே மூலக் கருவியை வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். அந்த வார்டில் எல்லாக் கருவிகளும் ஒன்றோடொன்று அச்சாக ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாமல் எப்படி? எல்லாமே ஒரே வாயிலிருந்து கேட்ட சேதி. அந்த வாய் நான்.

வரைபடத்தில் இருந்த ஆறு புள்ளிகள் ஒருவரையொருவர் கேட்காமல் ஒரே இடத்துக்கு வந்தவை. இந்த வார்டில் இருப்பது ஒற்றுமையே இல்லை, எதிரொலி.

மார்ச் 11

தலைவியிடம் போனேன். மருத்துவமனைகளுக்குச் சொல்லிவிடலாம் என்றேன்.

"என்னன்னு சொல்வே? சூட்டைக் குறைங்கன்னா?"

"ஆமா மேடம்."

"ஒருவேளை பயணக் கருவிதான் கோளாறுன்னு நாளைக்குத் தெரிஞ்சா? நம்ம எண் சரியா இருந்து, நாம குறைக்கச் சொன்னதால குழந்தைங்க குளிர்ல விறைச்சா? அதுக்கும் நீதான் கையெழுத்துப் போடுவியா?"

அதுவும் நடக்கலாம். நடக்கலாம் என்பதுதான் கொடுமை. அவர் கோழை என்றால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

"அக்கா பிள்ளைன்னதும் உனக்குக் கண்ணை மறைக்குது" என்றார், மெதுவாகத்தான்.

மறைக்கிறதா? குட்டி அங்கே இல்லாவிட்டால் நான் இப்படித் துடித்திருப்பேனா, இல்லை விதிப்படி காரணம் தேடிக்கொண்டு தேநீர் குடித்திருப்பேனா? தெரியவில்லை. தெரியவில்லை என்பதே அசிங்கமாக இருக்கிறது.

மார்ச் 12

பயணக் கருவியில் மாற்றம் எதுவும் இல்லையாம். புறப்பட்டபோது எப்படி இருந்ததோ அப்படியே திரும்பியிருக்கிறது.

ஆக, நாம்தான்.

நானும் சந்தேகமும் எல்லாவற்றையும் பிரித்துப்போட்டோம். கம்பிகள், இணைப்புகள், மின்தடை மானி, எண்ணெய்த் தொட்டி, ஜன்னலிலிருந்து வரும் காற்று. எல்லாம் சரி. எங்கள் மூல வெப்பமானி புதியது. புதுக் கட்டடத்துக்கு வந்தபோது பழையது உடைந்துபோய், இதையும் உயரமான புதுப் பனிக் குடுவையையும் சேர்த்து வாங்கினார்கள். அதனால் போன வருடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. வந்த அன்று அந்தக் குடுவையில் நட்டுத்தான் அதன் பூஜ்ஜியத்தைக் குறித்தோம். இன்றும் அதே குடுவையின் பனிக்கட்டியில் வைத்துப் பார்த்தேன். பூஜ்ஜியம். வாங்கியதிலிருந்து எப்போதும் பூஜ்ஜியம்தான்.

"பாம்பு புகுந்த வீடு மாதிரி இருக்கு. உள்ளே இருக்குன்னு தெரியுது, எந்த மூலைன்னு தெரியல" என்றார் சந்தேகம்.

குட்டி இன்றும் இரண்டு தரம் மூச்சை மறந்தான்.

மார்ச் 13

அக்காவிடம் சொல்லவில்லை. அவள் தலையை என் தோளில் சாய்த்திருந்தாள். சொல்லவில்லை.

மார்ச் 14

"நான் மருத்துவமனைக்குப் போறேன் மேடம். குட்டியைப் பாக்க இல்ல."

தலைவி கோப்பிலிருந்து நிமிரவில்லை. "நான் போகச் சொல்லல." கதவு வரை வந்துவிட்டேன். "போகாதேன்னும் சொல்லல" என்று கேட்டது.

மருத்துவமனையின் கருவிகளுக்கெல்லாம் பொறுப்பு ஒரு பொறியாளர். அவர் அறை அடித்தளத்தில், சலவைக்கூடத்துக்கு அடுத்து. பழுதான கட்டில் சக்கரங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். எழுந்துபோய் எங்கள் சான்றிதழை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னோடது."

"இதுல சரின்னு போட்டிருக்கீங்க. இப்ப நேர்ல வந்து தப்புங்கறீங்க. நான் எந்த உங்களை நம்பறது?"

நியாயமான கேள்வி. ஐந்து நாளாக நான் என்னையே கேட்டுக்கொண்டிருப்பதும் அதுதான்.

"ரெண்டு பேரையும் நம்பாதீங்க. உங்க மூலக் கருவியைப் பனிக்கட்டியில நீங்களே வச்சுப் பாருங்க. நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறேன்."

 சமையலறைக்கு ஆள் அனுப்பினார். பனிக்கட்டி வந்தது. துணிப்பையில் போட்டு, கட்டில் சட்டத்தை நிமிர்த்தும் சுத்தியலால் தூளாக்கினார். வைக்கச் சூடு ஆறாத அகலமான பாத்திரம் ஒன்று கிடைத்தது, வார்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவது. தண்ணீர் வழிந்து தன் காகிதங்களை நனைக்கும் என்று அவ்வப்போது சாய்த்து வடித்துவிட்டு, மேலும் தூளை அமுக்கினார். கருவியை நட்டார்.

காத்திருந்தோம். எண் இறங்கி இறங்கி, பூஜ்ஜியத்தைத் தாண்டி, மைனஸ் பூஜ்ஜியம் புள்ளி நான்கில் நின்றது.

நான் போட்ட கணக்கேதான். அவர் அசையவில்லை. "சமையலறை ஐஸ். உப்போ அழுக்கோ இருந்தா இப்படித்தான் கீழே இறங்கும், இல்லையா? காலேஜ்ல படிச்சது."

ஆமாம். அதுவும் இதே திசைதான். இந்த எண் என்னைத் தூக்கில் போடலாம், விடுதலையும் செய்யலாம். பாவி மனிதர், சரியான கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"ஊசி மருந்து கலக்கற சுத்தத் தண்ணி இருக்கு. அதை உறைய வைக்கறேன். நாளைக்கு வாங்க" என்றார். "என்னம்மா, உங்களுக்கு எது வந்தா சந்தோஷம்?"

எனக்கே தெரியவில்லை. நான் தப்பு என்றால் குட்டியைக் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது. நான் சரி என்றால் வழியே இல்லை. நான் தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 15

சுத்த நீர்ப் பனி. அதே பாத்திரம். மூன்று முறை, ஒவ்வொரு முறையும் புதிதாக நொறுக்கி. மைனஸ் பூஜ்ஜியம் புள்ளி நான்கு. மூன்றாவது முறை அவர் குழந்தைகள் டாக்டரையும் கீழே வரவழைத்து, ஒன்றும் சொல்லாமல், எண்ணை மட்டும் வாசிக்கச் சொன்னார். டாக்டர் வாசித்தார். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். பார்வையில் கோபம் இல்லை. இருந்திருக்கலாம்.

"எல்லாப் பெட்டியையும் இறக்கணும். ஒரேயடியா வேண்டாம், படிப்படியா" என்று சொல்லிக்கொண்டே படியேறினார்.

அங்கிருந்தே சந்தேகத்துக்குப் போன் செய்தேன். "ஆஸ்பத்திரிக் கருவி நம்ம குடுவையில பூஜ்ஜியம் காட்டிச்சே. இங்க எப்படி மைனஸ்?"  அவர் ரொம்ப மெதுவாகச் சொன்னார்: "பழைய குடுவையில அடியில வடிகுழாய் இருந்துச்சும்மா."

புதியதில் இல்லை. பனி மிதக்கும். உருகிய தண்ணீர் அடியில் தேங்கும். பூஜ்ஜியத்தைவிடக் கொஞ்சம் சூடான தண்ணீர்தான் எல்லாவற்றிலும் கனம், அது அடியில்தான் போய் உட்காரும். என் வெப்பமானியின் முனை அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு, மேலே வெள்ளைவெளேரென்று தெரிந்த பனியைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டிருந்தது. நானும் நம்பினேன். எல்லோருக்கும் தெரிந்த உண்மை அல்லவா. எதையும் சந்தேகிக்கிற மனிதரும் நானும் கம்பி கம்பியாகச் சந்தேகித்தோம். பனிக்கட்டியை யாரும் சந்தேகப்படவில்லை.

யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பதை யார் வேண்டுமானாலும் கெடுக்கலாம் என்றும் வாசித்திருக்க வேண்டும். சாப்பாட்டுப் பாத்திரத்தில், காகிதம் நனையக்கூடாது என்று தண்ணீரை வடித்த ஒரு மனிதர் செய்த பூஜ்ஜியம் நிஜம். என்னுடையது பொய்.

மார்ச் 16

அக்காவிடம் சொன்னேன். வார்டுக்கு வெளியே, நீல நாற்காலிகளில். அத்தானும் இருந்தார்.

விளக்கிக்கொண்டே போனேன். குடுவை, தண்ணீர், வடிகுழாய். அத்தான்தான் கையைக் காட்டி நிறுத்தினார்.

அக்கா கேட்டது ஒன்றுதான். "எப்பத் தெரியும் உனக்கு?"

"சந்தேகம் வந்தது பத்தாம் தேதி."

"அதுக்கப்புறமும் என் பக்கத்துலதான உக்காந்திருந்தே."

"நிச்சயமாத் தெரியாம எப்படிக்கா..."

"என் தோள்ல கை போட்டுக்கிட்டு உக்காந்திருந்தே" என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 17

உள்ளே போகவில்லை. வெளியிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஸ்டிக்கர் இருந்த இடத்தில் நகத்தால் சுரண்டிய பசை.

குட்டிக்குப் பக்கத்துப் பெட்டி காலியாக இருந்தது. போன வாரம் அதில் ஒரு பெண் குழந்தை. சிஸ்டரிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. என் முகத்தைப் பார்த்தே அவர் சொன்னார்: "அது இதயத்துல ஓட்டைம்மா. பிறக்கறப்பவே தெரியும். அதையும் உன் கணக்குல எழுதிக்காதே."

எழுதிக்கொள்ளாமல் இருக்கமுடியுமா? ஓட்டை இருந்தது. சூடும் இருந்தது. எது எவ்வளவு?

மார்ச் 19

எங்கள் சான்று பெற்ற எல்லா இடங்களுக்கும் அறிவிப்பு போகிறது. வாசகத்தை நான் எழுதினேன். தலைவி ஒரு வரியை அடித்தார். என் பெயர் இருந்த வரி. "கூடம் தப்பு பண்ணிச்சு. கூடம்னா நான்" என்றார். ஒப்பீட்டு அறிக்கையில் ஏழாவது புள்ளி அப்படியே அச்சாகும். பக்கத்தில் காரணம் வரும், படத்தோடு. படம் வரைவது என் வேலை. தண்ணீர் தேங்கும் இடத்துக்குச் சாம்பல் நிறம் பூசினேன். நான்கு தரம் பூசியும் அந்தச் சாம்பல் போதவில்லை.

வேலையை விட்டுவிடலாமா என்று சந்தேகத்திடம் கேட்டேன். "விடு. அடுத்து வர்றவளுக்கு அடித்தண்ணியைப் பத்தி யார் சொல்வா, நானா? எனக்கே நீ சொல்லித்தான் தெரியும்" என்றார். அது உண்மை இல்லை. வடிகுழாயை ஞாபகப்படுத்தியது அவர்தான்.

மார்ச் 22

குட்டி மூன்று நாளாக மூச்சை மறக்கவில்லை.

டாக்டரிடம் ஓடினேன். சூட்டைக் குறைத்ததால்தானே? "இருக்கலாம். மூணு நாள் வளர்ந்தும் இருக்கான். மருந்தும் மாத்தினோம். ஒரு குழந்தையை வச்சு நான் எதுவும் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லமாட்டீங்க" என்றார்.

மாட்டேன்தான். அப்படித்தான் நானும் கற்றிருக்கிறேன். ஆனால் எனக்கு ஒரு வார்த்தை வேண்டும். நீதான் செய்தாய் என்றாவது, நீ செய்யவில்லை என்றாவது. ஊர் உலகத்துக்கெல்லாம் பொதுவான எண்ணைத் திருத்திவிட்டோம். இந்த ஒன்றை மட்டும் யாராலும், எந்தக் கூடத்தாலும், எத்தனை சுற்று வைத்தாலும் எனக்கு அளந்து சொல்ல முடியாது. என் குற்றத்தை அளக்க மாதிரிகளின் எண்ணிக்கை போதவில்லை.

மார்ச் 23

அம்மா சொன்னாள், "ரெண்டு பேரும் என் பொண்ணுங்கதான். நான் எந்தப் பக்கம்னு கேட்டுராதீங்க." நாங்கள் யாரும் கேட்கவே இல்லை.

ஏப்ரல் 6

வேறொரு தேசத்துக் கூடத்திலிருந்து கடிதம். எங்கள் படத்தைப் பார்த்துவிட்டுத் தங்கள் குடுவையைச் சாய்த்தார்களாம். அடியில் தண்ணீர். அவர்கள் ஒப்பீட்டில் இன்னும் சேரவே இல்லை. யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். நன்றி என்று எழுதியிருந்தார்கள். முகம் தெரியாதவர்கள். நான் செய்த தவறை, என்னை நம்பாமல், தாங்களே தண்ணீரை வடித்துப் பார்த்திருக்கிறார்கள்.

கழிவறைக்குப் போய் அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்தபோது சந்தேகம் என் மேசையில் தேநீரை வைத்துவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 19

குட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அத்தான் படம் அனுப்பினார். அக்காவின் கை மட்டும் தெரிந்தது.

மே 11

பெயர் வைத்தார்களாம். அம்மா சொன்னாள். நான் போகவில்லை, வா என்று யாரும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. நான் மட்டும் குட்டி என்றே எழுதிக்கொள்கிறேன்.

ஜூன் 21

இன்று மதியம் அக்காவின் எண்ணிலிருந்து போன். முதல் மணியிலேயே எடுத்தேன்.

"அம்மா கை வச்சுப் பாத்துட்டு சூடே இல்லைங்கறா. இவரு அனலடிக்குதுங்கறாரு. புதுசா வாங்கின தெர்மாமீட்டர் சும்மா லேசாத்தான்ங்குது. எனக்கு எதுவும் புரியல." கொஞ்சம் நிறுத்தினாள். "நீ ஒரு ஆளு பாக்கி."

மழை. குடை எடுக்கத் தோன்றவில்லை. கதவைத் திறந்தவள் என்னை நேராகப் பார்க்கவில்லை. துண்டை மட்டும் நீட்டினாள். குட்டி அவள் தோளில் சிணுங்கிக்கொண்டிருந்தான். எவ்வளவு கன்னம்.

நெற்றியில் வைக்கக் கையைக் கொண்டுபோனேன், பாதியில் நிறுத்தினேன். மழையில் வந்த கை, சில்லிட்டிருந்தது. இந்தக் கைக்கு எதுவும் சூடாகத்தான் படும்.

"இரு அக்கா, கை சூடாகட்டும்" என்றேன். இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றேன்.

அவள் அவசரப்படுத்தவில்லை. பிள்ளையைத் தட்டிக்கொண்டே, என் எதிரில், காத்திருந்தாள்.